பைத்தான் மாதிரி டைனமிக் மொழிகளில் (ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா என்கிற வகையை, அதாவது டைப்பை, ஓடும்போதே பார்க்கும் மொழிகள்) கம்பைலர், அதாவது கோடை ஓட்டுவதற்கு முன் மாற்றித் தரும் கருவி, பிழையைப் பிடிக்காது, அதனால் பெரிய வேலைக்கு அவை ஆகாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு திருத்தம். பைத்தானிலும் கம்பைல் உண்டு. நீங்கள் ஸ்கிரிப்டை ஓடவிட்டதும் அது முழுக் கோப்பையும் படித்துப் பைட்கோடாக (பைத்தான் உள்ளுக்குள் ஓட்டும் இடைநிலை வடிவம்) மாற்றிவிட்டுத்தான் முதல் வரிக்கே வரும். கடைசி வரியில் ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் முதல் வரியில் உள்ள பிரிண்ட்கூட வேலை செய்யாமல் சின்டாக்ஸ்எரர் வருவது அதனால்தான். ஆனால் அந்தக் கட்டத்தில் அது பார்ப்பது இலக்கணத்தை மட்டும். நீங்கள் கூப்பிடும் ஃபங்ஷன் அந்தப் பெயரில் இருக்கிறதா, எண் போக வேண்டிய இடத்துக்கு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) போகிறதா என்பதெல்லாம் அந்தந்த வரி ஓடும்போதுதான் தெரியும். வரி ஓடவே இல்லை என்றால் பிழையும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளேயே கிடக்கும்.

இது எங்கே வலிக்கும் என்று சொல்கிறேன். நான் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம், சிப் சோதனை செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். டெஸ்டர் மெஷினோடு பேசுவது, அளவுகளை வாங்கிப் பதிவது, ரிப்போர்ட் போடுவது எல்லாம் பைத்தான் ஸ்கிரிப்ட்தான். அதில் ஒரு ஸ்கிரிப்ட் இரண்டு வருடத்துக்கு மேல் இரவு தவறாமல் ஓடியது. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு நைட் ஷிஃப்டில் இருந்த தம்பி போன் செய்தார். “அண்ணே, ஸ்கிரிப்ட் செத்துப்போச்சு. ஏதோ நேம்எரர்னு வருது. நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, யாரும் எதையும் தொடலையே!”

அவர் சொன்னது சரிதான், யாரும் தொடவில்லை. அன்றிரவு மெஷினோடு இருந்த நெட்வொர்க் இணைப்பு அறுந்துவிட்டது. அப்படி அறுந்தால் பதிவு எழுதிவிட்டு மறுபடி முயற்சி செய்ய, முன்பு இருந்த ஒருவர் ஒரு எக்செப்ட் கிளை (பிழை வந்தால் மட்டும் ஓடும் பகுதி) எழுதி வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கிளைக்குள் பதிவு எழுதும் ஃபங்ஷனின் பெயரில் ஓர் எழுத்து இடம் மாறியிருந்தது. அப்படி ஒரு பெயரே இல்லை என்பதுதான் அந்த நேம்எரர். இரண்டு வருடமாக அந்தக் கிளைக்குள் யாரும் நுழையவில்லை. நுழைந்த அன்றே காப்பாற்ற வேண்டிய கோடே ஸ்கிரிப்டைக் கொன்றுவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் ட்ரேஸ்பேக்கை, அதாவது பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் செய்தியை, எப்படிப் படிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பைத்தான் 3 இரண்டு பிழையையும் காட்டும். மேலே அசல் பிழை, நடுவில் “மேற்கண்ட எக்செப்ஷனைக் கையாளும்போது இன்னொன்று நேர்ந்தது” என்ற பொருளில் ஒரு வரி, கீழே இரண்டாவது பிழை. பதற்றத்தில் இருப்பவர் கண்ணுக்குக் கடைசி வரி மட்டும்தான் படும். தம்பியும் அதைத்தான் வாசித்துக் காட்டினார். இணைப்பு அறுந்த விஷயம் மேலே இருபது வரி தள்ளி இருந்தது.

கம்பைல் நேரச் சோதனையின் உண்மையான மதிப்பு இங்கேதான் என்பது என் கருத்து. தினமும் ஓடும் பாதையில் இருக்கும் டைப் பிழையை நீங்களே முதல் நாளில் பார்த்துவிடுவீர்கள், அதற்குக் கம்பைலர் தேவையே இல்லை. பிழை கையாளும் கிளை, மாதக் கடைசியில் மட்டும் ஓடும் கணக்கு, யாரும் அழுத்தாத பட்டன் ஆகிய மூலைகளை மனிதர் சோதிக்க மாட்டார். ஜாவா கம்பைலரோ கோ கம்பைலரோ அங்கேயும் பெயர் பெயராகச் சரிபார்த்துவிட்டுத்தான் விடும். ஆக, அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இது.

அந்த வசதி இப்போது டைனமிக் மொழிகளிலும் ஓரளவு கிடைக்கிறது என்பதைப் பலர் சொல்வதில்லை. 2012-இல் மைக்ரோசாஃப்ட், ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சோதனையைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. 2015-இல் பைத்தான் 3.5-இல் டைப் குறிப்புகள் (எந்த இடத்தில் எந்த டைப் வரும் என்று கோடிலேயே எழுதுவது) வந்தன. மைபை, பைரைட் போன்ற கருவிகள் அவற்றைப் படித்து, புரோகிராமை ஓட்டாமலே குறை சொல்லும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பைத்தான் அந்தக் குறிப்புகளைத் தானாக மதிக்காது. ஒரு மாறியை இன்டிஜர் என்று அறிவித்துவிட்டு அதில் ஒரு பெயரைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் ஓடும். டைப்ஸ்கிரிப்டும் அப்படித்தான், ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போது டைப் எல்லாம் அழிந்துவிடும்.

ரன்டைம் எரரை, அதாவது ஓடும்போது வரும் பிழையை, எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயம் எரரே வராத தப்பு. ஓர் இணையப் படிவத்தில் வாடிக்கையாளர் விலை 5 என்று தட்டுகிறார், நீங்கள் 2 வெள்ளி (ரிங்கிட்) சேவைக் கட்டணம் கூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். படிவத்திலிருந்து வருவது ஸ்ட்ரிங். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி 52 என்று கொடுத்துவிடும். கழித்தால் மட்டும் ஒழுங்காக 3 வரும்! பைத்தான் இதே இடத்தில் டைப்எரர் என்று கத்திவிட்டு நிற்கும். இரண்டுமே டைனமிக் மொழிதான், குணம் வேறு. டைப்ஸ்கிரிப்ட் போட்டால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் முழுதாக இல்லை. ஸ்ட்ரிங்கோடு எண்ணைக் கூட்டுவதை அது அனுமதிக்கும். விடையை நம்பர் என்று அறிவித்த இடத்தில் போடும்போதுதான் தடுக்கும்.

சரி, மீதிப் பாதி. நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் நம்மவர்கள் பலரின் ஐசியில் (அடையாள அட்டை) பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) இருக்கும். ஆளுக்கு ஒரு சான்றிதழ் கோப்பு உருவாக்கும் புரோகிராம் ஒன்று, பெயரையே கோப்பின் பெயராக வைக்கிறது. மலாய்க்காரர் பெயர், சீனர் பெயர் எல்லாம் ஒழுங்காகப் போகும். “ரவி ஏ/எல் முருகன்” வந்ததும் கோப்பு இல்லை என்று விழும், ஏனென்றால் அந்தச் சாய்கோட்டை இயங்குதளம் ஃபோல்டர் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டு “ரவி ஏ” என்ற ஃபோல்டரைத் தேடும். இதை ஜாவாவில் எழுதினாலும், ரஸ்டில் எழுதினாலும் கம்பைலர் வாய் திறக்காது. ஸ்ட்ரிங் கேட்ட இடத்தில் ஸ்ட்ரிங் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு வேறென்ன தெரியும்? எங்கள் ஆட்கள் ஒருவர்கூட இல்லாத குழு சோதித்த புரோகிராம்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஐசி எண்ணும் இதே ரகம். 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி. 2005-இல் பிறந்த பிள்ளையின் எண் 05 என்று தொடங்கும். அதை இன்டிஜர் என்று அறிவித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், டைப் செக்கரோ “எல்லாம் சரி” என்று சொல்லும். மனிதர் தப்பான டைப்பைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தப்பை அது விசுவாசமாகக் காவல் காக்கும், அவ்வளவுதான்.

ஸ்டாட்டிக் மொழி (டைப்பை ஓட்டுவதற்கு முன்பே சரிபார்க்கும் மொழி) என்றாலே கவலை இல்லை என்பவர்களுக்கு நான் சொல்வது ஏரியான் 5 ராக்கெட் கதை. 1996 ஜூன் 4, பயணத் தொடக்கத்திலிருந்து சுமார் 40 வினாடியில் அது திசை மாறி வெடித்துச் சிதறியது. மென்பொருள் எழுதப்பட்டது ஏடாவில். டைப் விஷயத்தில் அதைவிடக் கறாரான மொழியைத் தேடத்தான் வேண்டும். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரியில், மதிப்பு 32767-ஐத் தாண்டியதும் ரன்டைம் எக்செப்ஷன் எழுந்தது, அதைப் பிடிக்க ஆளில்லை. ஏரியான் 4-க்கு எழுதிய கோட் அது. பழைய ராக்கெட்டின் வேகத்தில் அந்த எண் அவ்வளவு பெரிதாகவே ஆகாது என்று பாதுகாப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள். மாற்றச் சொல்லி எழுதியிருப்பதால் கம்பைலருக்கு ஆட்சேபம் இல்லை. பறக்கும்போது வரப்போகும் மதிப்பு அதற்குத் தெரிய வழியும் இல்லை.

வெளியிலிருந்து வரும் தரவை எந்தக் கம்பைலரும் பார்க்காது. அதை வாசலிலேயே, ரன்டைமில், நாம்தான் சோதிக்க வேண்டும். பைத்தானில் பைடான்டிக் மாதிரி நூலகங்கள் டைப் குறிப்பை வைத்தே அந்தச் சோதனையைச் செய்யும். உள்ளே வந்த பிறகு பெயர் மாறாமல், டைப் மாறாமல் போகிறதா என்பதை மைபையிடம் விட்டுவிடலாம்.

பைத்தான் பெரிய வேலைக்கு ஆகுமா என்றால், ஆகும். டிராப்பாக்ஸ் தன் பைத்தான் கோடில் 40 லட்சம் வரிகளை மைபை வைத்துச் சோதிப்பதாக 2019-இல் எழுதியது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு மாதத்தில் முடிக்கிற வேலை என்றால் நான் டைப் குறிப்பே போட மாட்டேன். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடம் என்றால் முதல் நாளிலிருந்தே போடுவேன்.

ஏற்கெனவே பெரிதாக வளர்ந்துவிட்ட கோட் என்றால் எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுத உட்காராதீர்கள், பாதியில் அலுத்துவிடும். மைபை பொதுவாகக் குறிப்பே இல்லாத ஃபங்ஷனுக்குள் எட்டிப் பார்க்காது, ஆனால் திருப்பிக் கொடுப்பது ‘நன்’ (None, எதுவுமில்லை) என்று ஒரு சின்னக் குறிப்பு போட்டாலே உள்ளே நுழைந்துவிடும். எக்செப்ட் கிளை உள்ள ஃபங்ஷன்களாகப் பார்த்து முதலில் அதைச் செய்யுங்கள். ஓடவிட்டதும் திரை நிறையக் கொட்டும். ‘இந்த மதிப்பு None ஆகவும் இருக்கலாமே’ என்கிற புகார்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பெயரே இல்லை, இந்த அட்ரிபியூட் (ஒரு பொருளின் பண்பு) இல்லை என்று வருபவற்றை மட்டும் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.