“காலையில் விட்டுடுவோம்மா”: வடசென்னை வாசகர்களுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

நேற்று ராத்திரி பத்து மணிக்கு மகனை விசாரணைக்கு என்று கூட்டிப் போனார்கள். கேட்டால் ‘காலையில் விட்டுடுவோம்மா’ என்கிறார்கள். என்ன செய்ய? – ஒரு தாய், காசிமேடு

அம்மா, முதலில் நேரத்தை எழுதி வையுங்கள். வந்தவர்களின் பெயர், வண்டி எண் தெரிந்தால் அதையும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவு சொல்வது அது. ‘விசாரணைதான், கைது இல்லை’ என்பார்கள். போகவிடாமல் உட்கார வைத்த நிமிடத்திலிருந்தே கணக்கு என்றுதான் நாங்கள் வாதாடுவோம்.

எங்கள் சீனியர்கள் இப்படிப்பட்ட ராத்திரிகளில் கமிஷனருக்குத் தந்தி அடிப்பார்கள். 2013-ல் தந்தி நின்றுபோனது. இப்போது கமிஷனர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், இரண்டே வரி. நேரம் பதிந்துவிடும். நான் நடத்திய ஒரு வழக்கில் கைதுக் குறிப்பில் ‘காலை 6.30’ என்றிருந்தது. முந்தின ராத்திரி 11.10-க்குப் பையனின் அக்கா அனுப்பிய மெயில் என் கையில். ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் இரண்டையும் பார்த்துவிட்டு, காயம் இருக்கிறதா என்று பார்க்கப் பையனின் சட்டையைக் கழற்றச் சொன்னார். ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

கட்டணமில்லாத வக்கீலுக்கு 15100. இன்றைக்கே கூப்பிடுங்கள்.

மாமூல் கேட்டுக் கத்தியோடு வந்தவன் மேல் குண்டாஸ் போட்டார்கள். ஹைகோர்ட் ரத்து செய்துவிட்டது. உரிமையெல்லாம் அவனுக்குத்தானா? – கடைக்காரர், வண்ணாரப்பேட்டை

உங்கள் பயம் நியாயமானது ஐயா. ஆனால் கோபம் போகவேண்டிய இடம் வேறு. 1982-ம் ஆண்டுச் சட்டமான குண்டாஸில் ஒருவரை விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அவ்வளவு பெரிய அதிகாரம் என்பதால்தான், காரணத்தைச் சொல், மறுப்பு மனு கொடுக்க விடு என்கிறது அரசியலமைப்பு. ரத்தாகும் உத்தரவுகளைப் புரட்டினால், படிக்க முடியாத ஜெராக்ஸ், தமிழில் தராத ஆவணம், நாள்கணக்கில் கிடந்த மனு என்று இருக்கும். நிதானமாகச் செய்திருந்தால் உத்தரவு நின்றிருக்கும். சட்டத்தை மதிக்காத போலீஸ் வேலையில் கடைசியில் லாபம் அடைவது ரவுடிதான். இதை இருபது வருடமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

குண்டாஸ் போனாலும் மாமூல் வழக்கு போகவில்லை. பயமிருந்தால் சாட்சிப் பாதுகாப்புக்கு மனு கொடுங்கள். அந்தத் திட்டத்தை 2018-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. கூண்டில் ஏறிச் சொல்லுங்கள். அவனை உள்ளே வைக்கப்போவது உங்கள் சாட்சி.

வண்டியை மடக்கி, போனைத் திறந்து வாட்ஸ்அப்பைக் காட்டச் சொல்கிறார்கள். – வியாசர்பாடி

தம்பி, லைசென்ஸ், ஆர்.சி. கேட்டால் காட்டு. வழக்கு எதுவும் இல்லாமல் போனைத் துழாவ அதிகாரம் கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் தீர்ப்பே வந்துவிட்டது. “எந்த வழக்கு என்று எழுதிக் கொடுங்க சார்” என்று பணிவாகக் கேள். கைகலப்பு மட்டும் வேண்டாம்.

பழைய அடிதடி வழக்கு, விடுதலையும் ஆகிவிட்டேன். இப்போது கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். இன்னும் நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டுகிறார்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். – கொருக்குப்பேட்டை

போலீஸ் கண்காணிக்கும் ஆட்களின் பதிவேடான ஹிஸ்டரி ஷீட்டில் பெயர் இருப்பதாலேயே வீட்டுக்குள் நுழைய உரிமை வந்துவிடாது. கரக் சிங் வழக்கில், ராத்திரியில் வீடு தேடிப் போக அனுமதித்த உத்தரப் பிரதேச போலீஸ் விதியை உச்ச நீதிமன்றம் 1962-லேயே செல்லாது என்றது. பெயரை நீக்கக் கோரி துணை கமிஷனருக்கு மனு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் ஹைகோர்ட். விடுதலைத் தீர்ப்பின் நகல், சம்பள ரசீது இரண்டையும் இணையுங்கள். மகளின் ஹால்டிக்கெட் நகலும் இருக்கட்டும். ராத்திரியில் யார் தூக்கம் கெடுகிறது என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும்.