மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்பு

தம்பி, ரங்கூன் அரிசிக்கடையில் 108 பவுண்டு மூட்டையைத் திருப்பியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது, வலி பின்தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை இறங்குகிறது, ஐந்து நாளாகப் படுக்கைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் நரம்பு அழுத்தம் மாதிரித்தான் இருக்கிறது.

முதல் வேலை, எழுந்திருங்கள். ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடந்தால் தசை இறுகும், பலமும் குறையும். தாங்குமளவு வீட்டுக்குள்ளேயே அடிக்கடி கொஞ்சம் நடங்கள். டீக்கடைக் குட்டை முக்காலி இப்போதைக்கு வேண்டாம் (கஷ்டம்தான், தெரியும்). பக்கத்து வீட்டார் சொன்ன, முதுகில் ஏறி மிதிக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். இந்த வலி பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே 6 முதல் 12 வாரத்தில் தணிந்துவிடும்.

ஆனால் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயும் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

கடைக்குத் திரும்பினால் சில வாரம் மூட்டைப் பக்கம் போகாதீர்கள். பிறகும் ஒரு மூட்டைக்கு இரண்டு ஆள். உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள். முதலாளி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.