எந்த விசையில் எந்த எழுத்து?

கேள்வி: பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு ஒன்றைத் திருத்த வேண்டும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று தெரியவில்லை. எழுத்துருவில் உள்ள எல்லா எழுத்துகளையும் அவற்றின் விசைகளையும் காட்டும் மென்பொருள் உண்டா?

பதில்: தனியாக எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸிலேயே கேரக்டர் மேப் இருக்கிறது. தொடக்கப் பட்டியில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தேடித் திறந்து, மேலே உங்கள் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் கட்டம் கட்டமாக விரியும். ஒன்றைச் சொடுக்கினால் அது பெரிதாகத் தெரியும். பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய தகவல் அடிவரியில் இருக்கிறது.

பாமினி என்ற பழைய எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ழ உள்ள கட்டத்தைச் சொடுக்கினால், கீழே 'லத்தீன் ஸ்மால் லெட்டர் ஓ' என்று ஆங்கிலத்தில் வரும். கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள், விடையே அதுதான். எழுத்துருவைச் செய்தவர் ஆங்கிலச் சிறிய ஓ இருக்க வேண்டிய இடத்தில் ழ-வை வரைந்து வைத்திருக்கிறார். ஆகவே ஓ விசையைத் தட்டினால் ழ. 'ஸ்மால்' என்றால் விசை மட்டும். 'கேப்பிடல்' என்றால் ஷிஃப்ட்டும் சேர்த்து. 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி (p), ஓ, அரைப்புள்ளி என ஐந்து தட்டு: த, ம, இகரக் குறி, ழ, மெய்ப்புள்ளி.

ஆங்கில விசைகளில் இடம் போதாத எழுத்துகளை 128-க்கு மேற்பட்ட இடங்களில் வைத்திருப்பார்கள். அவற்றைச் சொடுக்கும்போது வலது கீழ் மூலையில் ஆல்ட் என்றும், கூடவே 0-வில் தொடங்கும் நான்கு இலக்க எண்ணும் தெரியும். ஆல்ட்டை அழுத்தியபடி அந்த எண்ணை அடித்தால் அந்த எழுத்து வரும். அடிக்கடி தேவைப்படும் பத்துப் பன்னிரண்டை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு இடங்களில் சறுக்கும். அடிக்கும்போது விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் இருந்தால் யூனிகோட் (எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) எழுத்து வந்து, வேறு எழுத்துருவில் தனித்து நிற்கும். அடுத்து, இந்த எழுத்துருவில் அடித்ததை மின்னஞ்சலில் ஒட்டினால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குப்பைதான் மிஞ்சும். அனுப்புவதற்கு முன் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆல்ட்டை அழுத்தியபடி 176 அடித்தால் பாகைக் குறிக்குப் பதிலாகப் புள்ளி நிறைந்த கட்டம் வருகிறதே?

பதில்: முன்னால் உள்ள சுழியத்தை விட்டுவிட்டீர்கள். 0176 என்று அடித்தால் விண்டோஸ் அட்டவணையைப் பார்க்கும், ° வரும். சுழியம் இல்லாவிட்டால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து அட்டவணைக்குப் போய்விடும். அங்கே 176-இல் இருப்பது ░. பாகைக் குறி 248-இல் இருக்கிறது. எண்களை வலப்பக்க எண்பட்டையில்தான் அடிக்க வேண்டும், நம் லாக் (Num Lock) விளக்கு எரிய வேண்டும், கடைசி இலக்கம் முடிந்த பிறகே ஆல்ட்டை விட வேண்டும்.

எண்பட்டை இல்லாத மடிக்கணினியா? வேர்டில் குறியின் யூனிகோட் எண்ணை அடித்து, உடனே ஆல்ட்டுடன் எக்ஸ் தட்டுங்கள். 2713 என்று அடித்துச் செய்தால் ✓ ஆகும். குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து மறுபடி அதையே தட்டினால் எண் திரும்பி வரும். யாரோ அனுப்பிய கோப்பில் உள்ள குறி எது என்று கண்டுபிடிக்க நல்ல வழி.

கேள்வி: யூனிகோட் எழுத்துருவான நிர்மலாவை கேரக்டர் மேப்பில் திறந்தேன். க இருக்கிறது, கு இல்லை. எழுத்துரு பழுதா?

பதில்: பழுதில்லை. யூனிகோடின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் இருப்பது, எண்களும் ௹ போன்ற குறிகளும் சேர்த்து, 72 இடங்கள்தான். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. கு என்பது க-வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வருவது. இரண்டையும் சேர்த்து வரைவதை எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகள் பார்த்துக்கொள்கின்றன. கேரக்டர் மேப் காட்டுவது எண் பெற்றவற்றை மட்டுமே. சேர்ந்த வடிவங்களையும் பார்க்க வேண்டுமானால் இலவசமான ஃபான்ட்ஃபோர்ஜில் எழுத்துருவைத் திறந்து, என்கோடிங் பட்டியலில் காம்பேக்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்; வெற்றுக் கட்டங்கள் போய், உள்ளே இருக்கும் வடிவங்கள் மட்டும் நிற்கும்.

விசையை மட்டும் அங்கே தேடாதீர்கள். யூனிகோடில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது விசைப்பலகை. எழுத்துருவை மாற்றினாலும் விசை மாறாது. அதே கு-வுக்குத் தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பில் எச், டி (D). இன்ஸ்கிரிப்ட் என்னும் அமைப்பில் கே, ஜி. கன்ட்ரோல், விண்டோஸ், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் விசைப்பலகை வரும். மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், விசைகளின் மேல் தமிழ் எழுத்துகள் தெரியும். ஷிஃப்ட்டைத் தட்டினால் அடுத்த அடுக்கு.

கேள்வி: மேக்கில்?

பதில்: மெனு பட்டையில் உள்ள உள்ளீட்டுப் பட்டியலில் கீபோர்டு வியூவர். அதைத் திறந்து வைத்து ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்துகள் மாறுவது தெரியும். அமெரிக்க விசைப்பலகையில் ஆப்ஷன், ஷிஃப்ட், 8 சேர்ந்தால் °.