வானம் பார்த்த சீமை: ராமநாதபுரத்து மழை பற்றிய கேள்வி பதில்

பள்ளியில் புவியியல் கற்பித்தவன், பல ஆண்டுகளாக வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்துக் குறிப்பெழுதி வருபவன் என்ற தகுதியில் மட்டுமே கீழ்க்கண்ட கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறேன். ஜோதிடம் எனக்குத் தெரியாது.

பரமக்குடி வாசகர்: நம் மாவட்டத்தில் மழையே இல்லை என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு பெய்கிறது?

ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 827 மில்லிமீட்டர். தூத்துக்குடிக்கும் கரூருக்கும் இதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. எப்போதும் தூறிக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கும் லண்டனிலேயே சுமார் 600 மில்லிமீட்டர்தான். ஆகவே, 'மழையே இல்லாத சீமை' என்பது பாதி உண்மை.

அந்த மழையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில், அதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் கொட்டிவிடுகிறது என்பதுதான் மீதிப் பாதி. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஏக்கருக்கு நான்காயிரம் லிட்டருக்குச் சற்றே கூடுதல். அவ்வளவு நீரையும் பிடித்து வைக்க இங்கே மலையும் இல்லை, அணையும் இல்லை. தட்டையான நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டப்பட்ட கண்மாய்கள்தான் உண்டு. அவையும் அகன்று விரிந்தவை, ஆழமற்றவை என்பதால், கோடையில் நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் நீரை வெயில் குடித்துவிடுகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது; அதாவது மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியில் ஏறக்குறைய பாதி. தீவில் விழுந்த அந்த மழை முதுகுளத்தூர்க் கண்மாய்க்கு வரப்போவதில்லை. ஆனால் மாவட்டக் கணக்கில் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சராசரியை நம்பி விதைக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவே காரணம்.

கமுதி வாசகர்: ஆடியில் அவ்வளவு காற்று அடித்தும் ஏன் மழை இல்லை?

கடலிலிருந்து வரும் ஈரத்தை அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் சரியும்போது சூடேறி உலர்ந்துபோகிறது. நமக்கு வந்து சேர்வது புழுதிதான். ஆவணி, புரட்டாசி மாலைகளில் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே புகுந்து, மேற்கிலிருந்து வரும் அந்த மேல்காற்றோடு மோதினால் இடிமழை பிறக்கும். அந்த நேரத்தில் வெட்டவெளியில் உயர்ந்து நிற்பது பனை ஒன்றுதான். இடி அதைத்தான் தேடும். தயவுசெய்து பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

சாயல்குடி வாசகர்: இந்த ஆண்டு மழை எப்படி இருக்கும்?

டிசம்பர் 31 அன்று உறுதியாகச் சொல்கிறேன்.

திருவாடானை வாசகர்: புழுதி விதைப்பை எப்போது செய்வது? போன ஆண்டு முளைத்த பயிர் கருகிவிட்டது.

புழுதி விதைப்பு என்பதே மழைக்கு முன்னால் உலர்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிட்டுக் காத்திருப்பதுதான் என்பதால், விதை மண்ணுக்குள் உறங்கும் வரை ஆபத்தில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதாகக் கொள்ளப்படும் இயல்பான தேதி அக்டோபர் 20. அதற்கு முன்பே, புரட்டாசியில் ஒரு கோடை இடிபோலப் பதினைந்து மில்லிமீட்டர் பெய்து முளையைக் கிளப்பிவிட்டு, அடுத்த இரண்டு வாரம் வானம் வெளுத்துக் கிடந்தால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். முழு நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு பகுதியாக விதைப்பவர்கள் முழுதாக இழப்பதில்லை. ரகத் தேர்வுக்கு வட்டார வேளாண்மை அலுவலகத்தைக் கேளுங்கள்.

ராமநாதபுரம் வாசகர்: சென்னைக்குப் புயல் வருகிறதாம். நமக்கு மழை உண்டா?

பெரும்பாலும் இல்லை. வங்கக் கடலில் உருவாகும் சுழல் வடக்கே சென்னையையோ ஆந்திரக் கரையையோ நோக்கி நகர்ந்தால், அதன் தெற்கு ஓரத்தில் இருக்கும் நமக்கு நிலத்திலிருந்து உலர்ந்த மேல்காற்றுதான் வீசும். நமக்கு வேண்டியது இலங்கைக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு குமரிக் கடலுக்கோ மன்னார் வளைகுடாவுக்கோ வரும் தாழ்வுநிலை. நம் கரையைத் தேடி வரும் தாழ்வுநிலை புயலாக முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1964 டிசம்பர் 22 இரவின் தனுஷ்கோடியே சாட்சி.

முதுகுளத்தூர் வாசகர்: சீமைக்கருவேல மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்பதை ஏன் சொல்ல மறுக்கிறீர்கள்?

அது உண்மையில்லை என்பதால் மறுக்கிறேன். எந்த மரமும் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாகக் காற்றில் விடுகிறது, இதுவும் அப்படியே. மேலும், ஐப்பசி மழை பல கிலோமீட்டர் உயரத்தில் கடலிலிருந்து வருவது. பதினைந்தடி முள்மரம் அதற்கு வேலி போட முடியாது.

அதே வாசகர்: எங்கள் பாட்டன் காலத்தில் அந்த மரம் இல்லை, மழை பெய்தது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அகற்றச் சொல்லவில்லையா?

சொன்னது. கண்மாய்க்குள்ளும், அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களிலும் உள்ளவற்றை வெட்டவேண்டும் என்றே நானும் சொல்கிறேன். மரம் நெருங்கி நிற்கும் வரத்துக்காலில் வண்டல் படிந்து மேடு தட்டி, பெய்த மழை கண்மாய்க்குப் போகாமல் வழியிலேயே தேங்கிக் காய்ந்துவிடுகிறது. ஆழ வேர்கள் நிலத்தடி ஈரத்தையும் இழுக்கின்றன. மழை வந்த பிறகு நீரைத் தடுப்பது வேறு, மழையையே தடுப்பது வேறு. பாட்டன் காலத்தைப் பற்றிச் சொன்னீர்கள். 1876 முதல் 1878 வரை இந்தச் சீமையைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின்போது இங்கே ஒரு சீமைக்கருவேலங்கன்றுகூட இல்லை. வானம் அப்போதும் பொய்த்தது.

கடலாடி வாசகர்: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் வறட்சியில் பிழைத்தோம். எல்லாவற்றையும் வெட்டினால் எங்கே போவோம்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் குறை. பட்டா நிலத்தில் விறகுக்காக நிற்பதையும் கண்மாய் மடையை மூடி நிற்பதையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது.

முதுகுளத்தூர் வாசகர்: நீங்கள் மரத்தின் பக்கம்.

நான் வரத்துக்காலின் பக்கம். இத்துடன் இதை முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கமுதி வாசகர்: இங்குள்ள 648 மெகாவாட் சூரிய மின்தகடுகளால்தான் மழை குறைந்ததா?

முதுகுளத்தூர்க்காரருக்குச் சொன்ன முதல் பதிலில் 'மரம்' என்ற இடத்தில் 'தகடு' என்று போட்டுப் படியுங்கள்.

மண்டபம் வாசகர்: எல்நினோ வந்தால் நமக்கு நல்லதா, கெட்டதா?

பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாவது எல்நினோ, குளிர்வது லாநினா. தென்மேற்குப் பருவத்தைப் பொதுவாகக் கெடுக்கும் எல்நினோ, நம் ஐப்பசி மழைக்கு ஓரளவு சாதகமானது. லாநினா ஓரளவு பாதகமானது. லாநினா பக்கம் சாய்ந்திருந்த 2016-இல் மழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அதே லாநினா இருந்த 2021-இல் கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாய்ந்தன. 'ஓரளவு' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்திபனூர் வாசகர்: வைகை நீரில் நம் பங்கு ஏன் வருவதில்லை?

நீர்வளத் துறையைக் கேளுங்கள். நான் மேலே பார்ப்பவன்.

தொண்டி வாசகர்: இந்த ஆண்டு மழை எப்படி?

சாயல்குடிக்காரருக்குச் சொன்னதேதான். அடுத்து இதையே கேட்பவருக்குப் பதில் இல்லை.

அபிராமம் பள்ளி மாணவி: நானும் மழைமானி வைக்க விரும்புகிறேன் ஐயா. எப்படி?

மகிழ்ச்சி, அம்மா. சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தள்ளி, திறந்தவெளியில் ஆடாமல் நிறுத்துங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அளவுக் குடுவையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படியுங்கள். புனலில் சிலந்தி வலை கட்டும். காய்ந்த மாதங்களில்தான் அதிகம் கட்டும் என்பதால் மழை இல்லாத நாளிலும் போய்ப் பாருங்கள். அன்று நோட்டில் 0 என்று எழுதுங்கள்; வெறுமனே விட்டுவிட்டால், அன்று மழை இல்லையா, நீங்கள் ஊரில் இல்லையா என்பது பின்னால் யாருக்கும் தெரியாது. இடி முழங்கும்போது படிக்கப் போகவேண்டாம், நின்றபின் போதும். பனைமரத்தடியில் வைக்கவேண்டாம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.