இடுக்கான இடத்தில் ஸ்பேனரைத் திருப்புவது எப்படி?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறைத் தொட்டிக்கு அடியில், சுவரை ஒட்டியிருக்கும் குழாய் நட்டைக் கழற்ற ஸ்பேனரைச் சுழற்றவே இடமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தண்ணீர் வால்வை மூடிவிடுங்கள்.

பிறகு உங்களிடம் உள்ள திறந்த வாய் ஸ்பேனரைக் கூர்ந்து பாருங்கள். அதன் வாய் கைப்பிடிக்கு நேராக இல்லாமல், பெரும்பாலும் 15 பாகை சாய்ந்திருக்கும். அறுகோண நட்டில் அடுத்த பிடி கிடைக்க 60 பாகை சுழற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் ஸ்பேனரைக் கவிழ்த்துப் பிடித்தால், அந்தச் சாய்வின் காரணமாக 30 பாகை இடமே போதும். புதுக் கருவி வாங்கும் முன் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நட்டிலிருந்து எடுக்காமலேயே கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துத் திருப்பும் ராட்செட் கருவியில் 72 பற்கள் இருந்தால் 5 பாகை அசைவே போதும் என்றாலும், நட்டின் நடுவே குழாய் செல்லும் இடத்தில் அதன் சாதாரண சாக்கெட் (நட்டை மூடிப் பிடிக்கும் கிண்ணம் போன்ற தலை) நுழையாது. கையே எட்டாவிட்டால், நீண்ட தண்டின் முனையில் மடங்கும் வாய் கொண்ட பேசின் ஸ்பேனர் தேவைப்படும்.

வேறு இடுக்குகளில் சிறிய நட்டு சாக்கெட்டிலிருந்து நழுவி விழுந்தால், இடையில் ஒரு காகிதத் துண்டை வைத்து அழுத்துங்கள், இறுக்கமாக நிற்கும். பித்தளை ஸ்க்ரூ காந்தத்தில் ஒட்டாது என்பதால், ஸ்க்ரூடிரைவர் முனையில் சிறிது கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள்.

மீண்டும் மாட்டும்போது, நட்டை விரலால் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பி, மரை ‘டக்’கென்று இறங்குவதை உணர்ந்த பிறகே முடுக்கத் தொடங்குங்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் மரை கோணலாக ஏறாது.