ஓர் அப்பா, இரண்டு மகன்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் மூன்றையும் இந்த லீவில் குடும்பத்தோடு மறுபடி பார்த்தோம். என் மகள் இப்போது டோல்கீனின் நாவலையும் படித்துக்கொண்டிருக்கிறாள். நாவலோடு வைத்துப் பார்த்தால் படத்தில் நன்றாக அமைந்த பாத்திரம் எது, கெட்டுப்போன பாத்திரம் எது? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம். (திருச்சி வாசகர்)

பதில்: இரண்டுமே ஒரே வீட்டில் இருக்கின்றன. நன்றாக அமைந்தவன் போரொமிர். கெட்டுப்போனவர் அவனுடைய அப்பா டெனதோர்.

போரொமிர் நாவலின் முதல் பாகத்தில் கொஞ்சம் விறைப்பான ஆள். தன் நாடான கோண்டோரின் பெருமையைப் பேசுவான், கொம்பு ஊதுவான், கடைசியில் தீயவன் சவ்ரான் செய்த சக்திமிக்க மோதிரத்துக்கு ஆசைப்பட்டு, அதை அழிப்பதற்காகச் சுமந்து போகும் ஃப்ரோடோ மீது பாய்வான். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே செத்தும் போகிறான். அவன் போட்ட கடைசிச் சண்டையை டோல்கீன் நேரில் காட்டுவதில்லை. கொம்புச் சத்தம் கேட்டு, கூட வந்த வீரன் அரகார்ன் ஓடிவந்து பார்க்கும்போது மரத்தில் சாய்ந்து கிடக்கிறான், உடம்பெங்கும் அம்புகள், சுற்றிலும் எதிரிப்படை அரக்கர்களான ஓர்க்குகளின் பிணங்கள். நாவலில் அது போதும். ஆனால் 2001இல் வந்த முதல் படத்தில் பீட்டர் ஜாக்சனும் திரைக்கதையை உடன் எழுதிய ஃப்ரான் வால்ஷ், ஃபிலிப்பா பாயன்ஸ் இருவரும் அந்தச் சாவை முன்னால் கொண்டுவந்து படத்தின் உச்சமாகவே வைத்தார்கள். அம்பு தைக்கிறது, முழங்காலில் விழுகிறான், சின்ன உருவத் தோழர்களான மெர்ரியையும் பிப்பினையும் பார்க்கிறான், எழுந்து மறுபடி வாளை வீசுகிறான். ஷான் பீன் அந்த மூச்சுத்திணறலை நடித்த விதத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தச் சாவு நம்மைத் தொடுவதற்குக் காரணம், அதற்கு முன்னால் போட்டு வைத்த சின்னச் சின்ன விஷயங்கள். பனிமலையில் வரும் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஃப்ரோடோ சறுக்கி உருள்கிறான், சங்கிலியோடு மோதிரம் பனியில் விழுகிறது, போரொமிர் அதை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறான். இவ்வளவு சின்னப் பொருளுக்காக இத்தனை பயமா என்று தனக்குள் பேசுகிறான். அரகார்ன் பெயர் சொல்லி அதட்டியதும் சுதாரித்துக்கொண்டு மோதிரத்தை நீட்டிவிட்டு, கையுறை போட்ட கையால் ஃப்ரோடோவின் தலைமுடியைக் கலைத்துச் சிரிக்கிறான். அவன் திரும்பி நடந்த பிறகுதான் அரகார்னின் கை வாள் பிடியிலிருந்து விலகுகிறது. ஒரு நிமிடக் காட்சிதான், அவன் எப்படி விழப்போகிறான் என்பதும் அவன் கெட்டவன் இல்லை என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. அப்புறம், மோரியா சுரங்கத்தில் மந்திரவாதி காண்டால்ஃப் விழுந்ததும் அரகார்ன் உடனே கிளம்பச் சொல்லும்போது, இவர்களை ஒரு நிமிடம் அழவிடக்கூடாதா என்று கேட்பவனும் போரொமிர்தான்.

இனி கோண்டோரை ஆளும் டெனதோர். நாவலில் பிப்பின் அவரை முதன்முதலில் பார்க்கும்போது, காண்டால்ஃபைவிட இவர்தான் பெரிய மந்திரவாதி போலத் தெரிகிறார் என்று அவனுக்குத் தோன்றும். அப்பேர்ப்பட்ட ஆள். வயதானால் உடம்பு தளர்ந்துவிடும் என்பதற்காக அங்கிக்குள்ளே கவசத்தோடும் வாளோடும் பல வருடங்களாகத் தூங்கி எழுகிறவர். பலன்டீர் என்ற பார்வைக்கல்லை வைத்து எதிரியின் நடமாட்டத்தை ரகசியமாகக் கவனித்துக்கொண்டிருப்பார். அந்தக் கல்லில் பொய்யைக் காட்ட சவ்ரானாலேயே முடியாது, ஆனால் எதைக் காட்டுவது என்று அவனால் தேர்ந்தெடுக்க முடியும். கறுப்புப் பாய்மரக் கப்பல்கள் ஆற்றில் ஏறி வருவதை டெனதோர் பார்க்கிறார், அதில் வருவது அரகார்ன் என்பது அவருக்குத் தெரியாது. உண்மையைப் பார்த்தே உடைந்துபோன புத்திசாலி அவர்.

படத்தில் இதில் என்ன மிஞ்சியது? வெள்ளைக் கோபுரத்துக்குக் கண் இல்லை என்று நினைத்தாயா என்று காண்டால்ஃபிடம் கேட்கும் ஒரு வரி, அவ்வளவுதான். நாவலில் காண்டால்ஃபும் பிப்பினும் வந்து சேரும் முன்பே உதவிக்கு அழைக்கும் தீப்பந்தங்களை மலைமேல் ஏற்ற வைத்தவர் டெனதோர். படத்திலோ அவர் உதவி கேட்கவே மாட்டேன் என்கிறார், பிப்பின் திருட்டுத்தனமாக ஏறிப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீ மலைக்கு மலை தாவும் காட்சி அருமையானது, ஆனால் அதற்கு விலையாகக் கொடுத்தது இந்த மனிதரின் மூளையை. பிறகு காண்டால்ஃப் தடியால் அடித்து அவரைக் கீழே தள்ளுகிறார். இளைய மகன் ஃபாராமிர் சாகப் போய்க்கொண்டிருக்க, இவர் தக்காளியைக் கடித்து வாயோரம் சாறு வழியச் சாப்பிடுகிறார், எதிரே பிப்பின் பாடுகிறான். தனியாக எடுத்தால் அதுவும் பலமான காட்சிதான், ஜான் நோபிள் சொன்னதைச் சரியாகவே செய்திருக்கிறார். எழுதிக் கொடுத்ததுதான் தப்பு. நாவலில் பலன்டீரைக் கையில் பிடித்தபடி சிதையில் படுப்பவர், படத்தில் எரிந்துகொண்டே ஓடி நகரத்தின் உச்சியிலிருந்து கீழே விழுகிறார். ஒரு துயரநாயகனை வில்லனாக்கி வேடிக்கை காட்டிவிட்டார்கள்.

கேள்வி: தம்பி ஃபாராமிரை மாற்றியதைப் பலரும் குறை சொல்கிறார்கள். நாவலில் அவன் மோதிரம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான். சினிமாவில் அப்படிக் காட்டினால் மோதிரத்துக்கு என்ன மரியாதை? கொஞ்சம் மோதல் வேண்டாமா? (மதுரை வாசகி)

பதில்: படக்குழு சொன்ன காரணமும் இதுதான். கூடவே இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ஷெலோப் என்ற ராட்சதச் சிலந்தியை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டதால், 2002இல் வந்த இரண்டாவது படத்தில் ஃப்ரோடோவின் கதைக்கு முடிவாக ஏதாவது தேவைப்பட்டது. அதனால் ஃபாராமிர் ஃப்ரோடோவையும் அவன் தோழன் சாமையும் கைதிகளாக ஒஸ்கிலியாத் என்ற பாழடைந்த நகரம்வரை இழுத்துப் போகிறான். திரைக்கதைச் சிக்கல் எனக்குப் புரிகிறது. ஆனால் மோதிரத்தின் மரியாதை போய்விடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

ஏன் என்றால் இதே குழு முதல் படத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறது. கடைசியில் ஃப்ரோடோ உள்ளங்கையில் மோதிரத்தை வைத்து அரகார்னிடம் நீட்டுகிறான். அரகார்ன் மண்டியிட்டு, அந்தச் சின்னக் கையை மெல்ல மூடி அவன் மார்போடு சேர்த்துவிடுகிறான். இது நாவலில் இல்லை, அவர்களே சேர்த்தது. அங்கே மோதிரத்தின் பலம் கொஞ்சமாவது குறைந்ததா? இல்லை, அரகார்னின் உயரம்தான் கூடியது. அதே நியாயத்தை ஃபாராமிருக்குக் கொடுத்திருந்தால் என்ன? நாவலில் தெருவில் கிடந்தாலும் அதை எடுக்கமாட்டேன் என்கிறான் அவன். விஷயம் தெரியாமல் சொன்ன அந்த வார்த்தையை, சாம் வாய்தவறி மோதிரத்தைப் பற்றி உளறிவிட்ட பிறகும் காப்பாற்றுகிறான், அண்ணன் தோற்ற இடத்தில் தம்பி நிற்கிறான் என்பதுதான் அந்த அத்தியாயமே.

டோல்கீனுக்கு அவன்மேல் தனிப் பிரியம் உண்டு. 1944இல் தன் மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில், இவனை நான் உண்டாக்கவே இல்லை, இத்திலியன் காட்டுக்குள் தானாகவே நடந்து வந்துவிட்டான் என்கிற மாதிரி எழுதுகிறார். பிறகு வேறோர் இடத்தில், தன் பாத்திரங்களில் தன்னைப் போன்றவன் என்றால் அது ஃபாராமிர்தான், ஆனால் அவனுக்குள்ள தைரியம் தனக்கில்லை என்கிறார். முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்க்களத்தைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் இதைச் சொல்கிறார். அப்படிப்பட்டவனைச் சலனப்பட வைத்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று நினைத்தது எனக்கு இன்னும் வருத்தம். நல்லவன் ஒருவன் தடுமாறாமல் நல்லவனாக இருப்பதை நாம் நம்பமாட்டோமா என்ன? டேவிட் வென்ஹாமின் கண்ணில் அந்தச் சாந்தம் இருந்தது, அதைப் பயன்படுத்தவில்லை.

கேள்வி: கோல்லத்தை விட்டுவிட்டீர்களே! (கோவை வாசகர்)

பதில்: விடவில்லை, இடத்துக்காகக் காத்திருந்தேன். ஆண்டி செர்கிஸை முதலில் குரலுக்காகத்தான் கூப்பிட்டார்கள், கடைசியில் உடம்பு, முகம் எல்லாமே அவருடைய நடிப்பை வைத்து உருவானது. பழைய ஸ்மீகலும், மோதிரத்துக்கு அடிமையாகி அவன் மாறிப்போன கோல்லமும் ஒரே உடம்புக்குள் சண்டை போடும் காட்சியில் கேமரா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாறுவதை வைத்தே இரண்டு ஆட்களைக் காட்டிவிட்டார்கள். கணினி உருவம் என்ற நினைப்பே வராது.

ஒரே ஒரு இழப்பு. நாவலில் கிரித் உங்கோல் படிக்கட்டில், தூங்கும் ஃப்ரோடோவின் முழங்காலை அவன் தயங்கித் தயங்கித் தொடுவான். அந்த நொடியில் திருந்தியிருப்பான். சாம் விழித்து ஒரு சுடுசொல் சொல்ல, எல்லாம் போய்விடும். படத்தில் அதற்குப் பதிலாக வருவது ரொட்டித் துணுக்கு விவகாரம்: சாம்தான் ரொட்டியைத் தின்றுவிட்டான் என்று கோல்லம் மாட்டிவிட, ஃப்ரோடோ சாமை வீட்டுக்குப் போகச் சொல்கிறான். நாவலின் ஃப்ரோடோ எந்த நிலையிலும் சாமிடம் அப்படிச் சொல்கிறவன் இல்லை. மூன்று படத்திலும் என்னால் சகிக்க முடியாத காட்சி இதுதான்.

கேள்வி: ஃப்ரோடோ எப்போதும் அழுதுகொண்டும் விழுந்துகொண்டும் இருக்கிறானே, நாவலிலும் அப்படித்தானா? (சேலம் மாணவி)

பதில்: இல்லவே இல்லை. நாவலில் பயணம் கிளம்பும்போது அவனுக்கு 50 வயது. வெதர்டாப் குன்றில் கறுப்புக் குதிரைவீரர்கள் வரும்போது எல்பெரெத் என்ற தேவியின் பெயரைச் சொல்லிக் கத்தி, தலைவனின் காலை நோக்கி வாளை வீசுகிறான். படத்தில் வாளைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் சாய்கிறான். ஆற்றுத் துறையில் காயத்தோடு குதிரைமேல் தனியாக நின்று, மோதிரமும் கிடையாது நானும் கிடைக்கமாட்டேன் என்று எதிர்ப்பவனும் நாவலில் அவன்தான். அந்த வீரத்தைப் படத்தில் அரகார்னின் காதலி ஆர்வெனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆர்வெனுக்கு அது நல்லது, ஃப்ரோடோவுக்கு நஷ்டம். எலைஜா வுட் மேல் குறை இல்லை.

கேள்வி: கிம்லி? (பெயர் எழுதாத வாசகர்)

பதில்: அந்தக் குள்ளர் இனத்து வீரனை ஏப்பம் விடவும் தடுக்கி விழவும் வைத்தது அநியாயம். எல்ஃப் சீமாட்டி கலாட்ரியலிடம் ஒரே ஒரு தலைமுடி கேட்டு மூன்று வாங்கிக்கொண்டவன் அவன். அந்தப் பேச்சு முதல் படத்தின் நீட்டித்த பதிப்பில்தான் இருக்கிறது.

கேள்வி: போரொமிர் தவிர, படத்தில் நாவலுக்கு இணையாக நின்றவர் யார்? மகளுக்கு எந்தப் பதிப்பைக் காட்டலாம்? (திருச்சி வாசகரே மறுபடி)

பதில்: மன்னர் தியோடன். மகனின் சமாதி முன்னால் வெள்ளைப் பூவைக் கையில் உருட்டியபடி, பெற்றவர்கள் பிள்ளையைப் புதைக்கும்படி ஆகக்கூடாது என்று சொல்லி உடைவாரே, அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் நடித்த பெர்னார்ட் ஹில்தான். 2024இல் காலமாகிவிட்டார்.

பதிப்பு என்றால் நீட்டித்ததையே போடுங்கள். இரண்டாவது படத்தில் போரொமிர், ஃபாராமிர், டெனதோர் மூவரும் ஒஸ்கிலியாத்தில் சேர்ந்து நிற்கும் பழைய நினைவுக் காட்சி அதில் மட்டும்தான் வரும். பெரிய மகனைக் கட்டிப்பிடிக்கும் அப்பா சின்னவனை எப்படிப் பார்க்கிறார் என்பதை அங்கே கவனிக்கச் சொல்லுங்கள். ஃபாராமிர் ஏன் மோதிரத்தோடு அப்பாவிடம் போக நினைத்தான் என்பதற்குப் படம் தரும் ஒரே நியாயமான காரணம் அதுதான், தியேட்டரில் வந்த பதிப்பில் அதை வெட்டிவிட்டார்கள். ஆனால் அதைக் காட்டும் முன் நாவலில் ஃபாராமிர் வரும் அத்தியாயங்களை மகள் முடித்துவிடட்டும்.