எண்ணெய் விலையும் நடை தூரமும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் செமினியில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வசிக்கிறேன். நானும் கணவரும் ஆளுக்கொரு காரில் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறோம். எண்ணெய் விலை ஏறும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்துவிடுகிறது. ஒரு காரை விற்றுவிட்டு எம்.ஆர்.டி. ரயிலுக்கு மாறலாம் என்பது என் கட்சி. மின்சாரக் கார் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. விலை உண்மையிலேயே உயர்ந்தால் மக்கள் ரயிலுக்கு மாறிவிடுவார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்களா? சிங்கப்பூரில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? நம் பையன்களோ, நிலையம் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ம., செமினி

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் அந்தக் கடைசி வரி இல்லாதிருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். என் அக்காள் மகன் வலது காலில் தகடு வைக்கப்பட்டு, ஊன்றுகோலும் கையுமாக வீட்டில் இருக்கிறான். விடியற்காலை ஆறு மணி ஷிப்டுக்கு மோட்டாரில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு லாரி உரசிவிட்டது. அவன் வீட்டிலிருந்தும் ரயில் நிலையம் நீங்கள் சொல்லும் அதே ஒரு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவனுக்கு ஆறு மணி வாக்கில் புறப்படும் முதல் ரயிலால் என்ன பயன்? அம்மா, குளிரூட்டிய காருக்குள் இருந்துகொண்டு, மழையில் நனைந்தபடி லாரிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போகிறவனைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். மலேசியாவில் ஆண்டுதோறும் 6,000 பேருக்கு மேல் சாலை விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டாரில் சென்றவர்கள். சோம்பல் உள்ளவன் இதைவிடச் சுகமான வழியைத் தேடிக்கொள்வான்.

கோபம் தீர்ந்தது. இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

எண்ணெய் விலை ஏறினால் மக்கள் மாறுவார்களா என்பதை நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம். 2008 ஜூன் 5ஆம் தேதி பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 92 காசிலிருந்து ஒரே இரவில் 2 வெள்ளி 70 காசுக்குப் போனது. முதல் நாள் அறிவிப்பு வந்ததும் எண்ணெய் நிலையங்களின் வரிசை சாலை வரை நீண்டு, சாலையே அடைத்துக்கொண்டது. அரசாங்கம் 2,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 625 வெள்ளியும் 250 சிசிக்கு உட்பட்ட மோட்டாருக்கு 150 வெள்ளியும் அஞ்சலகம் வழியாகக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய் டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே சரிந்தது. நம் பெட்ரோலும் 1 வெள்ளி 80 காசுக்கு இறங்கிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் காரை விற்றுவிட்டு ரயிலுக்கு மாறியவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. காரை வாசலில் நிறுத்திவிட்டுக் கப்சாய் என்ற சிறு மோட்டார் வாங்கியவர்கள் பலரைத் தெரியும். நான்கு லிட்டர் ஊற்றினால் ஒரு வாரம் ஓடும் வண்டி கையில் இருக்கும்போது, விலை உயர்வு எளியவனை அதன் மேல்தான் ஏற்றி உட்கார வைக்கும், ரயிலில் அல்ல. ஆகவே விலையை ஏற்றினால் மக்கள் தாமாகவே பொதுப் போக்குவரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. அவர்களில் யாரும் நிலையத்துக்கு நடந்து போய்ப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். எம்.ஆர்.டி. காஜாங் வழித்தடத்தின் ஒரு நிலையத்துக்கு, அக்காள் வீட்டிலிருந்து, காலை நேரத்தில். தாமானின் பின்புறம் இருந்த சிறு வாசலைப் பாதுகாப்புக்காகப் பூட்டிவிட்டார்கள். எனவே முன் வாசலில் காவல் கூண்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதன் பிறகு நடைபாதை ஒரு கடை வரிசையின் முன்னால் தொடங்கி, ஒரு மின்கம்பத்தில் முட்டி, அங்கேயே முடிந்துவிடுகிறது. மீதித் தூரத்தை நெடுஞ்சாலையின் ஓரத்தில், முதுகுக்குப் பின்னால் லாரிகளின் சத்தத்தைக் கேட்டபடி கடக்க வேண்டும். நிழல் தர ஒரு மரமும் கிடையாது. நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நடுவில் ஆள் விழுந்தால் ஏற முடியாத ஆழத்தில் லோங்காங் என்ற வடிகாலும் அதற்கப்பால் கம்பி வேலியும் குறுக்கே நிற்கின்றன. அந்த லோங்காங்கின் மேல் யாரோ ஒரு பலகையைப் போட்டு, அது வழுக்காதிருக்கப் பழைய மோட்டார் டயரைக் கிழித்து ஆணியடித்திருந்தார்கள். வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. நுழைகிறவர் சட்டையைக் கிழிக்காதபடி கம்பி முனைகளை உள்ளே மடக்கிவிட்டிருந்தார்கள். இரண்டாயிரம் கோடி வெள்ளிக்கு மேல் செலவான ரயில் திட்டத்தில் நடப்பவனுக்காக யோசித்துச் செய்யப்பட்டதாக நான் கண்டவை அந்த டயரும் அந்த மடக்கிய கம்பியும்தான். அடுத்த முறை போனபோது வேலியைப் புதிதாகக் கட்டிவிட்டிருந்தார்கள். பலகையைக் காணவில்லை.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நண்பர்கள் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு. எண்ணெய் விலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வீட்டு வாசலுக்கும் ரயில் வாசலுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு கிலோமீட்டரை நடக்கத் தக்கதாக ஆக்காத வரை அந்தப் பேச்சுக்குப் பொருள் இல்லை. நிலையத்துக்குக் கொண்டுவிடும் ஃபீடர் பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கட்டணமும் ஒரு வெள்ளிதான். ஆனால் அதன் நிறுத்தத்துக்கும் இதே வெயிலில்தான் நடக்க வேண்டும், அங்கே போய் எப்போது வரும் என்று சாலையையே பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டும்.

1975இல் கோலாலம்பூரில் ஓடத் தொடங்கி 1998இல் நிறுத்தப்பட்ட பஸ் மினி என்ற சிறு பஸ்ஸைப் பார்த்திருக்க உங்களுக்கு வயதிருக்காது. இளஞ்சிவப்பு நிறம், கடைசிக் காலத்தில் கட்டணம் 60 காசு. செந்தூலிலிருந்து அதில்தான் நான் வேலைக்குப் போனேன். வாசலில் தொங்கும் நடத்துநர் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி நிற்கும், மறுபடி தட்டினால் பாய்ந்துவிடும். கண்மண் தெரியாத வேகம், புளிமூட்டை போல ஆட்களை அடைப்பார்கள், பெண்கள் பட்ட பாடு தனி. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஏங்குகிறவன் அல்லன் நான். ஆனாலும் எங்கள் தெருமுனையில் அது நின்றது. காய்ச்சலோடு இருந்த என்னை அழைத்துக்கொண்டு என் தாயார் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தபோதும், வீட்டிலிருந்து இறங்கி எட்டும் தூரத்தில் ஒரு வண்டி இருந்தது. எண்ணெய் என்ன விலை என்பதை அவர் தம் வாழ்நாளில் விசாரித்ததாக நினைவில்லை.

நம்மவர்களின் கதையே இந்தத் தூரத்தின் கதைதான். தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டிலிருந்து பள்ளிக்கும் கோயிலுக்கும் வேலைக்காட்டுக்கும் நடந்தே போனோம். தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட, ஆட்கள் ஆளுக்கொரு தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறிப் போனார்கள். பள்ளிக்கூடம் பல இடங்களில் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. நடந்து போன பிள்ளை வேனில் போகிறது. வேன் கட்டணத்தில் மாதம் இருபது வெள்ளி கூடினால், இரண்டு பிள்ளைகள் உள்ள தகப்பன் பக்கத்துத் தாமானில் இருக்கும் மலாய்வழித் தேசியப் பள்ளியின் பக்கம் பார்ப்பான். தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று மேடையில் முழங்குகிறவர்கள், எரிபொருள் விலையையும் வேன் கட்டணத்தையும் ஒருநாளாவது சேர்த்துப் பேசினால் நன்று.

சிங்கப்பூரை விட்டுவிடுவோம். 1987இல் ரயிலை ஓடவிட்ட பிறகு 1990இல்தான் அவர்கள் கார்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் உரிமச் சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த வரிசையை மட்டும் கவனியுங்கள். மின்சாரக் கார் உங்கள் கணவருக்கு நல்லது, சொந்தத் தரை வீட்டில் மின்னேற்றி பொருத்திக்கொள்ளலாம். ஆனால் நெரிசலில் நிற்கும் கார் எதில் ஓடினால் என்ன, நிற்கத்தான் போகிறது.

உங்கள் வீட்டுச் சண்டைக்குக் கணக்கு இதோ. போகவர 70 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர், மாதம் 22 வேலை நாள் என்றால் ஒரு காருக்கு ஏறக்குறைய 128 லிட்டர். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி மாதம் 300 லிட்டர் வரம்போடு குடிமக்களுக்கு வந்த 1 வெள்ளி 99 காசு சலுகை விலையில் அது 255 வெள்ளி. சலுகையே இல்லாமல் அன்றைய 2 வெள்ளி 60 காசுக்கு அடித்தாலும் 333 வெள்ளி. இந்த 78 வெள்ளி வித்தியாசத்துக்காகக் கார் விற்கப்படாது, விற்கவும் வேண்டாம். தவணையும் டோலும் நிறுத்தக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகைதான் உங்கள் பக்கம் பேசும், அதைக் கணவர் முன் எழுதி வையுங்கள். ஒரு மாதம் ஒரு காரை நிறுத்திவிட்டு, மற்றதில் இருவரும் காஜாங் நிலையம் வரை போய், ஆளுக்கு 50 வெள்ளி மாதப் பயண அட்டையில் ரயிலேறிப் பாருங்கள். உங்கள் அலுவலகப் பக்கத்து நிலையத்தில் இறங்கி, அலுவலக வாசல் வரை நடைபாதை எங்கெங்கே அறுந்து போகிறது என்று கைப்பேசியில் படம் எடுங்கள். அந்தப் படங்களோடு கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு மலாயில் ஒரு புகார்க் கடிதம் எழுதி, நகலைச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அல்ல, நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், அதற்குச் சட்டமன்றம் கிடையாது. எனக்கும் ஒரு நகல் வேண்டும்.